ஆடிப் பதினெட்டும் வருமான வரிக் கணக்கும்



ஆடிப் பதினெட்டு வந்தால் சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். முருகன், மீனாட்சி, வேளாங்கண்ணி மாதா, மக்கா, காமராசர், ரோஜாப்பூ என்று அதைப் புரட்டுகிறவர்களுக்குப் படம் தெரியும்; படத்தைச் செய்த கை தெரியாது. ஒரு காலத்தில் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தூரிகையால் வரைந்தார்கள். இன்று வீட்டு முன்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு டிசைனர்கள் செய்கிறார்கள். காலண்டர் இல்லாத மாதங்களில் பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை. நானும் அந்த வேலை செய்கிறவன்தான். மாதச் சம்பளம் கிடையாது. வேலைக்குக் கூலி, பில்லுக்குப் பணம். எங்களைப் போன்றவர்களின் வருமான வரிக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

"நமக்கெல்லாம் எதுக்கு வரி? நாம என்ன மில் முதலாளியா?" என்று கேட்கும் தம்பிகளை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பில்லில் டி.டி.எஸ். பிடித்தார்களா?" என்றுதான். பத்தாயிரம் ரூபாய் பில்லுக்கு ஒன்பதாயிரம் வந்திருக்கும். மீதி ஆயிரத்தை அச்சகத்துக்காரர் எடுத்துக்கொண்டார் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அவர் அதைப் பிடித்து, உங்கள் பான் எண்ணின் பெயரில் அரசாங்கத்துக்குக் கட்டியிருக்கிறார். இந்தப் பிடித்தம்தான் டி.டி.எஸ். சிலர் ஒப்பந்த வேலை என்று 1 சதவீதம் பிடிப்பார்கள். சிலர் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம். பான் எண்ணே கொடுக்காமல் விட்டால் 20 சதவீதம் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டிசைனருக்கு ஆண்டு வரவு 4,80,000 ரூபாய். அதில் மூன்று லட்சத்துக்கு 10 சதவீதம் பிடித்தம், ஆக 30,000. கரண்ட் பில், இணையம், சீசனில் வைத்துக்கொண்ட உதவிப் பையனின் சம்பளம், கணினியின் தேய்மானம் எல்லாம் கழித்தால் நிற்பது மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தொழில் வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு. அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. அந்த 30,000 முழுவதும் அவர் பணம். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். அது மட்டுமில்லை. வரி வராவிட்டாலும், ஓர் ஆண்டில் டி.டி.எஸ். 25,000 ரூபாயைத் தொட்டாலே கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பது சட்டம். மூத்த குடிமக்களுக்கு இது 50,000.

எங்கே பார்ப்பது? வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால் 26ஏ.எஸ். என்று ஒரு படிவம் இருக்கும். யார் எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிவரியாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான பிடித்தத்தை அச்சகத்துக்காரர் மே 31-க்குள்தான் தெரிவிக்க வேண்டும். அதனால் ஏப்ரலில் பார்த்துவிட்டு "குறைகிறதே" என்று பதற வேண்டாம். ஜூனில் பாருங்கள்.

ஜூனிலும் வராவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள். எனக்கு ஒரு வருஷம் அப்படித்தான் ஆயிற்று. நான் வேலை செய்துகொடுத்த ஓர் அச்சகத்தின் பிடித்தம் மட்டும் படிவத்தில் இல்லை. போய் உட்கார்ந்தேன். கணக்கப்பிள்ளை அண்ணாச்சி பழைய அறிக்கையை எடுத்து, என் பான் அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. "தப்பு எங்க பேர்லதான் தம்பி" என்று சொல்லித் திருத்திய அறிக்கை அனுப்பினார். கொஞ்ச நாளில் என் பணம் என் கணக்கில் தெரிந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அது யார் கணக்கிலோ நின்றிருக்கும்.

அடுத்து, எந்தப் படிவம். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு அனுமான வருமான முறை என்று ஒன்று உண்டு. முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமல், வணிகமானால் வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதமும் ரொக்க வரவில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டலாம். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற குறிப்பிட்ட தொழில்களானால் வரவில் பாதி. உண்மையான லாபம் இதைவிட அதிகமாக இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். இதற்கு ஐ.டி.ஆர்.-4 படிவம். காலண்டர் டிசைனர் இந்த இரண்டில் எதில் சேருவார் என்பதை அவரவர் வேலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட் அண்ணன்மார் இங்கே கவனிக்க வேண்டும். கமிஷன் வருமானத்துக்கு இந்த அனுமான முறை செல்லாது. பஸ் டிக்கெட், லாட்ஜ் வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் சீட்டு வைத்துக் கணக்கு எழுதி, ஐ.டி.ஆர்.-3 படிவத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் 4 போட்டார் என்று நீங்களும் போட்டால் பின்னால் நோட்டீஸ் வரலாம்.

தாக்கல் செய்து முடித்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். 30 நாட்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். ஆதாரோடு இணைந்த செல்பேசிக்கு ஓ.டி.பி. வரும், அந்த ஆறு எண்களைப் போட்டால் முடிந்தது. போடாவிட்டால் தாக்கல் செய்ததாகவே கணக்கில்லை. பிரவுசிங் சென்டரில் கொடுத்துச் செய்கிறவர்கள், உறுதி செய்த ஒப்புகைச் சீட்டு கைக்கு வராமல் இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டாம்.

கெடுவை அந்தந்த ஆண்டு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025-இல் செப்டம்பர் 16 வரை நீட்டினார்கள். கெடு தாண்டினாலும் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குத் தாக்கல் செய்யலாம். ஆனால் தாமதக் கட்டணம் உண்டு: வருமானம் ஐந்து லட்சம் வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000. டிசம்பரையும் விட்டுவிட்டால், பிற்பாடு போடும் புதுப்பித்த கணக்கில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

ரீஃபண்டைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு உண்டு. நம்மிடம் சம்பளச் சீட்டு இல்லை. வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ வங்கிக்குப் போனால், கடந்த சில வருஷத்துக் கணக்கைத்தான் கேட்பார்கள். அது மட்டுமா? வீட்டில் சம்பாதிக்கிறவர் சாலை விபத்தில் போய்விட்டால், இழப்பீட்டு வழக்கில் "இவர் எவ்வளவு சம்பாதித்தார்?" என்ற கேள்விக்கு அந்தக் குடும்பம் நீட்டக்கூடிய நல்ல சாட்சி அந்தக் காகிதம்தான். கணக்கே போடாத மனிதரின் உழைப்புக்கு மற்றவர்கள்தான் விலை சொல்லுவார்கள்.

இந்த மண்ணுக்குக் கணக்கு புதிதல்ல. விருதுநகரில் பொதுக் காரியத்துக்கென்று கடைக்குக் கடை மகமை எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்தார்கள். காமராசர் படித்த, 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அந்தச் சேமிப்பில் வளர்ந்தது. வியாபாரம் சிறிது, பெரிது என்று பார்க்காமல் எழுதி வைத்த கைகள் அவை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, ஒவ்வொரு பில்லிலும் பிடித்தது எவ்வளவு என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறும். பிடித்த பணம் உங்கள் பணம் என்பது மாறாது. இன்று வேலை முடிந்து கணினியை அணைக்குமுன் பான் அட்டையை எடுங்கள். உங்கள் 26ஏ.எஸ். படிவத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.