1915: ஒரு செல்வரும் அவர் வாசலில் நின்ற வணிகர்களும்

கலைச் சந்தையின் வரலாற்றை ஆராயும் கருத்தரங்கில் தலைமையுரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வரவேண்டும் என்பது வழக்கம். நான் ஓர் ஊரோடும் ஓர் ஆண்டோடும் நின்றுகொள்கிறேன்: நியூயார்க், 1915.

முதல் உலகப்போர் ஐரோப்பிய ஓவியச் சந்தையை முடக்கியது; அதே போர் அமெரிக்க எஃகு ஆலைகளைக் கொழிக்க வைத்தது. கோக் நிலக்கரியிலும் எஃகிலும் பொருள் சேர்த்த ஹென்றி கிளே ஃப்ரிக், 1914இல்தான் ஐந்தாம் அவென்யூவில் புது மாளிகைக்குக் குடிபுகுந்திருந்தார். பெருஞ்சேகரிப்பாளர்களான ஜே. பி. மார்கனும் பெஞ்சமின் ஆல்ட்மனும் 1913இலேயே மறைந்துவிட்டார்கள். வாங்கும் கைகள் குறையக் குறைய, எஞ்சியவர் வாசலில் நெரிசல் கூடியது.

ஓவிய வணிகம் செய்த நோட்லர் நிறுவனம் ஃப்ரிக்குக்குப் பழக்கமான இடம். அதன் பங்குதாரர் சார்லஸ் கார்ஸ்டேர்ஸ் அவருக்கு நண்பரும்கூட. பெல்லினியின் ‘பாலைவனத்தில் புனித பிரான்சிஸ்’ 1915இல் அவர்கள் வழியாக வந்தது. கலை வணிகர் ஹியூ லேன் கைவழியே ஹோல்பைனின் தாமஸ் கிராம்வெல் ஓவியம் வந்ததும் அதே ஆண்டுதான். நியூயார்க்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த லேன், மே 7 அன்று லூசிடேனியா கப்பலோடு கடலில் மாண்டார்.

போட்டி வணிகர் ஜோசப் டூவீனுக்கு ஃப்ரிக்கின் வீட்டில் நோட்லரைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. மார்கன் குடும்பம் ஃப்ராகொனாரின் ‘காதலின் படிநிலைகள்’ ஓவியங்களை விற்க முன்வந்ததும் அவற்றைப் பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு வாங்கினார். வாங்கிய விலைக்கே ஃப்ரிக்கிடம் கொடுத்தார். இதைப் பெருந்தன்மை என்று எழுதுகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஓவியங்கள் வந்ததும் வரவேற்பறையையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கேற்ற பிரெஞ்சு அறைகலன்கள், சிற்பங்கள், பீங்கான்கள் எல்லாம் தேவைப்பட்டன. அவற்றைத் தருவித்துக் கொடுக்கும் இடத்தில் டூவீன் உட்கார்ந்துகொண்டார். படத்தில் விட்ட லாபத்தை நாற்காலியில் எடுத்தார் என்பதே என் கணிப்பு.

அடுத்தவர் கைச்சரக்கைப் பழிப்பதும் அவருக்குக் கைவந்த கலை. அந்த வாய், போருக்குப் பிறகு அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியது. டா வின்சியின் படைப்பு என்று சொல்லி ஆன்ட்ரே ஹான் விற்க முயன்ற ஓவியத்தைப் போலி என்று 1920இல் சொல்லப்போய், கடைசியில் 60,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்.

பாரிஸ் வணிகர் ஜாக் செலிக்மனைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. வாலஸ் கலைச் சேகரிப்பிலிருந்து பாரிஸில் எஞ்சிய பகுதியை 1914இல் அவர் வாங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்தவர்களில் ஃப்ரிக்கும் ஒருவர்.

ஃப்ரிக்கின் ரசனை என்று இன்று அருங்காட்சியகமாகிவிட்ட அவர் மாளிகையில் நாம் வியப்பதில் பெரும்பங்கு, இந்த வணிகர்கள் ஒருவரையொருவர் முந்திய போட்டி விட்டுச்சென்றது. ஆனால் நம் கட்டுரைகள் இன்னும் சேகரிப்பாளரின் வாழ்க்கை வரலாற்றையே சான்றாகக் கொள்கின்றன. டூவீன், நோட்லர் ஆவணங்கள் லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. செலிக்மன் நிறுவனத்தின் தாள்கள் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இளம் ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள்: அவற்றில் 1914 முதல் 1918 வரையுள்ள பக்கங்களை அருகருகே வைத்துப் படியுங்கள், ஒரே வாடிக்கையாளருக்கு யார், எப்போது, எதைக் காட்டினார்கள் என்று ஒப்பிட்டு எழுதுங்கள்.