ஸ்டெப்னி இல்லாத கார்

மோட்டார் வண்டியின் மாற்றுச் சக்கரத்தை நம் நாட்டில் எல்லோரும் ‘ஸ்டெப்னி’ என்றே சொல்கிறோம். லாரிப் பட்டறையில் தொழில் பழகும் சிறுவனும் அப்படியே சொல்கிறான். கல்லூரிப் பேராசிரியரும் அப்படியே சொல்கிறார். இச்சொல் எங்கிருந்து வந்தது? பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். அங்கே தொழில் நடத்திய டேவிஸ் என்னும் சகோதரர் இருவர் 1904-ஆம் ஆண்டில் ஒரு புதுமையைச் செய்தனர். அக்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வசதி கிடையாது. பஞ்சர் ஆனால் நடுவழியில் அமர்ந்து டயரைப் பிரித்து ஒட்டியாக வேண்டும். டேவிஸ் சகோதரர்கள், காற்றடைத்த டயரோடு கூடிய ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றைச் செய்து, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைப் பிணைத்து ஓட்டும்படி அமைத்தனர். தெருவின் பெயர் பொருளுக்கு ஆயிற்று; பொருளின் பெயர் கடல் கடந்து நம் ஊர்ப் பேச்சில் நிலைத்துவிட்டது.

அந்த ஸ்டெப்னி இப்போது மெல்ல மறைந்து வருகிறது. புதிய கார்கள் சிலவற்றின் பின்பெட்டியைத் திறந்து அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தால், சிறிய காற்றடிக்கும் கருவியும் ஒரு குப்பிப் பசையும் மட்டும் இருக்கும். ட்யூப் இல்லாத டயர்களும், காற்றழுத்தம் குறைந்தால் அறிவிக்கும் கருவியும், பழுது பார்க்கும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020-ஆம் ஆண்டில் விதியைத் திருத்தியது. விலையுயர்ந்த கார்கள் சிலவற்றில் அந்தப் பெட்டியும் இராது, ஜாக்கியும் இராது. அவற்றில் ‘ரன்-பிளாட்’ டயர் பூட்டியிருப்பதே காரணம். காற்று இறங்கிய பின்னும் ஓடக்கூடிய டயர் அது.

அது எப்படி ஓடுகிறது என்பதற்கு முன், சாதாரண டயர் ஏன் ஓடாது என்பதைப் பார்ப்போம். மாணவர்களே, காரின் எடையைத் தாங்குவது எது? ரப்பர் என்று விடை எழுதினால் பாதி மதிப்பெண்தான் தருவேன். தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. 1,500 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 375 கிலோ என்று கொள்வோம். காற்றழுத்தம் 33 பவுண்டு. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 163 வரும். ஆகவே, ஒரு சக்கரம் தரையைத் தொடும் இடம் 160 சதுர சென்டிமீட்டர் அளவே. ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிது. அப்படிப்பட்ட நான்கு அட்டைகளின் மேல்தான் ஒரு குடும்பம் முழுவதும் பயணம் செய்கிறது! காற்று போய்விட்டால் அந்தச் சுமை டயரின் பக்கச் சுவர் மீது விழுகிறது. வளைந்து கொடுப்பதற்காகவே மெல்லியதாகச் செய்யப்பட்ட சுவர் அது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அது மடிந்து நிமிர்கிறது; சூடேறுகிறது; சிறிது தூரத்திலேயே கிழிந்துபோகிறது.

ரன்-பிளாட் டயரில் இந்தப் பக்கச் சுவரைத் தடித்த, விறைப்பான ரப்பரால் செய்திருக்கிறார்கள். காற்று இல்லாதபோது சுவரே சுமையைத் தாங்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பது பொதுவான கணக்கு. தர்மபுரியில் ஆணி குத்தினாலும் சேலம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இவ்வளவு நல்ல டயரை ஏன் கழற்றுகிறார்கள்? விலை மிகுதி. விறைப்பான சுவர் ஆதலால் நம் கிராமச் சாலைகளில் முதுகெலும்பு குலுங்குகிறது. காற்றில்லாமல் ஓடிய டயரைப் பெரும்பாலும் பஞ்சர் ஒட்டிப் பயன்படுத்தவும் இயலாது. சிற்றூர்க் கடைகளில் அந்த அளவு கிடைப்பதும் அரிது. இவை நியாயமான காரணங்களே. மாற்றுபவரை நான் குறை கூற மாட்டேன். ஆனால் இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. காரைச் செய்தவர்கள் ஸ்டெப்னியை அந்த டயரின் சுவருக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார்கள். டயரைக் கழற்றும்போது அதையும் சேர்த்தே கழற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர் ஒருவர் நெடுஞ்சாலையோரம் டயர்க்கடை நடத்துகிறார். ரன்-பிளாட்டைக் கழற்றச் சொல்லி வருபவரிடம் அவர் முதலில் கேட்பது, “ஜாக்கி இருக்குதுங்களா?” என்பதுதான். பெரும்பாலோர் பின்பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே விடை சொல்கிறார்களாம்.

இது ஏதோ சிறிய வசதிக்குறைவு அன்று. தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி அங்கே வளைந்து வளைந்து இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் சூடேறிய நிலையில் பின்னால் வருகின்றன. 2024 ஜனவரியில் அவ்விடத்தில் ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்து முன்னே சென்ற வண்டிகளில் மோதியதில் நால்வர் உயிரிழந்தனர். அந்த இறக்கத்தில், இரவு நேரத்தில், கிழிந்த டயரோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்?

ஆதலால் சாதாரண டயர் பூட்டும் நாளிலேயே அதற்கான ஏற்பாட்டையும் செய்துகொள்ள வேண்டும். சிறந்தது ஸ்டெப்னியே. ஆனால் ஏதோ ஒரு சக்கரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டால் போதாது. போல்ட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத்துளையும், டயரின் மொத்த விட்டமும் பொருந்த வேண்டும். பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. சில கார்களில் நட்டுக்குப் பதிலாகப் போல்ட்டையே சக்கரத்தின் வழியாக உள்ளே முறுக்குவார்கள். தடித்த அலாய் சக்கரத்துக்கான நீண்ட போல்ட்டை மெல்லிய இரும்புச் சக்கரத்தில் போட்டால், முனை உள்ளே நீண்டு பிரேக் பாகங்களில் இடிக்கக்கூடும். எனவே அதற்கு ஏற்ற நீளமுள்ள போல்ட்டுகளையும் கேட்டு வாங்க வேண்டும். திருட்டைத் தடுக்கும் போல்ட்டு இருந்தால் அதன் சாவி, காரின் அடிப்பகுதிக்குப் பொருந்தும் ஜாக்கி, வீல் ஸ்பேனர் ஆகியவையும் வேண்டும். பின்பெட்டியில் சக்கரத்துக்கென்று பள்ளம் இல்லையாயின் அதை வாரால் இறுகக் கட்ட வேண்டும். மோதல் நேர்ந்தால் கட்டப்படாத சக்கரம் பீரங்கிக் குண்டுதான். இவற்றை வாங்கியதும் வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். செய்முறைப் பாடம் இல்லாமல் விஞ்ஞானம் வராது.

இடமில்லை என்போர் பழுது பார்க்கும் பெட்டி வைத்துக்கொள்ளலாம். டயரின் தரைப் பகுதியில் ஆணி குத்தினால் அது உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. வத்தல்மலை போன்ற மலைச் சாலைகளில் கூர்ங்கல் கிழிப்பது பெரும்பாலும் சுவரைத்தான் என்பதை மறக்கலாகாது. பசைக் குப்பியின் மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். மருந்துப் புட்டியைப் பார்ப்பதுபோல் அதையும் பாருங்கள். ஸ்டெப்னியிலும் மாதம் ஒருமுறை காற்றைச் சோதிப்பது நல்லது. ஒல்லியான தற்காலிகச் சக்கரங்கள் பலவற்றுக்கு 60 பவுண்டு அழுத்தம் வேண்டும்.

ஓடும்போதே காற்று இறங்கினால் திடீரென்று பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நான்கு எச்சரிக்கை விளக்குகளையும் எரியவிட்டு இடப்புறம் ஒதுங்க வேண்டும். வளைவிலோ பாலத்திலோ நில்லாமல் அகலமான சமதரை வரும் வரையில் ஊர்ந்து செல்லுங்கள். டயரும் ரிம்மும் போனால் போகட்டும். கடையில் வேறு கிடைக்கும். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். காருக்குப் பின்னால் நிற்கலாகாது. பிரதிபலிக்கும் முக்கோணப் பலகையை வெகு தூரம் பின்னே வையுங்கள். கைப்பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கியை ஏற்ற வேண்டும். தூக்கிய காருக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது.

பழுதானது சாலைப் பக்கத்துச் சக்கரமாயின், வண்டிகள் விரையும் இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மாற்ற முயலாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் உண்டு. அழைத்ததும், “எங்கே நிற்கிறீர்கள்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். சாலையோரக் கிலோமீட்டர்க் கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊர் நோக்கிச் செல்லும் பக்கத்தில் நிற்கிறோம் என்பதையும் சொன்னால் போதும்.