மலையை மாற்றும் எறும்பு



நத்தம் பக்கத்துக் கரந்தமலை நமக்கு அந்நியமல்ல. நம் திண்டுக்கல் மாவட்டம்தான். 2022-இல் அந்த அடிவார ஊர்களில் ஆடுமாடுகளுக்குக் கண் போனதாக மக்கள் கதறினார்கள். காரணம், மஞ்சள் பைத்தியக்கார எறும்பு. நீளம் நான்கைந்து மில்லிமீட்டர்தான். அது கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். காட்டுக்குள் மேய்ச்சலுக்குப் போகவே மக்கள் அஞ்சினார்கள்.

கண் போன மாட்டைப் பார்த்ததும் பதறுகிறோம். காடே மாறும்போது பதற நமக்குத் தெரிவதில்லை.

இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு என்று ஒன்று. அந்தக் காட்டின் தரையை ஆண்டவை கோடிக்கணக்கான செந்நண்டுகள். உதிர்ந்த இலையையும் முளைத்த கன்றையும் அவையே தின்று தீர்த்தன. 1989 முதல் இதே எறும்பு அங்கே பெருங்கூட்டங்களாகப் பெருகி நண்டுகளைக் கொன்றது. நண்டு அழிந்த இடத்தில் சருகு குவிந்தது, கன்றுகள் மண்டின, ஆப்பிரிக்க நத்தை உள்ளே புகுந்தது. மேலே கிளைகளில் சாறு உறிஞ்சும் செதில்பூச்சிகள். அவை கழிக்கும் இனிப்பு நீர்தான் எறும்புக்கு உணவு. அதனால் பூச்சிக்கு எறும்பு காவல் நின்றது. பூச்சி பெருகி, இலையெல்லாம் கரும்பூசணம் படர்ந்து, மரங்கள் நுனியிலிருந்து காய்ந்தன. கடைசியில் 2016-இல், செதில்பூச்சியை அழிக்கும் நுண்குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எறும்பின் சோற்றில் கைவைத்தார்கள்!

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை உறவுகளே, உங்கள் காப்பிச் செடியைப் பாருங்கள். செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் உங்களுக்குப் பழக்கப்பட்ட தொல்லைகள். மேல்மலைக் குளிர் இந்த எறும்புக்கு ஒத்துவராது, கீழ்மலை ஒத்துவரும். அங்கே இது பெருங்கூட்டமானால் காப்பியோடு நிற்காது, நிழல் மரத்துக்கும் ஏறும்.

வந்தபிறகு மருந்தடித்துக்கொள்ளலாம் என்பாரை நான் ஏற்கமாட்டேன். அந்த மருந்து, காப்பிப் பூவுக்கு வரும் தேனீயையும் விட்டுவைக்காது.

இந்த எறும்பின் ராணி பெரும்பாலும் பறந்துபோய்ப் புதுக்கூடு கட்டுவதில்லை. வேலைக்கார எறும்புகளோடு நடந்தே பக்கத்து இடத்தைப் பிடிக்கும். மலைவிட்டு மலை தாவ அதற்கு நம் லாரி வேண்டும். நாற்றுப்பையின் மண் வேண்டும். மலையேறும் வண்டிகளில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுகிறோம், நல்லது. அதே சோதனைச் சாவடியில் நாற்றையும் தொட்டிச்செடியையும் தொழுவுரத்தையும் பிரித்துப் பார்க்க ஆள் வையுங்கள் என்று நகராட்சியையும் ஊராட்சிகளையும் வனத்துறையையும் இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். அதற்கான தீர்மானத்தை இன்றே இந்த அவையில் நிறைவேற்றித் தாருங்கள்.