சின்ன வாசல் வழியா வந்தவங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் திருப்பருத்திக்குன்றம் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு வராது. தீர்மான நோட்டில் எழுதத்தான் தெரியும். அதனால நடந்ததை நடந்தபடியே சொல்றேன்.

போன வருஷம் பொதுக்குழுவில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க. "வெப்சைட்டுக்குன்னு உங்க குழு 18 ஆயிரம் கடன் வாங்கினீங்க. ஒன்பது மாசம் ஆச்சு. அது வழியா ஒரு புடவையாவது வித்துச்சா? இன்னும் எதுக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும்?" அவங்க கேட்டதில் தப்பே இல்லை. அது நம்ம எல்லாருடைய சேமிப்பு. அன்னைக்கு என்கிட்ட பதில் இல்லை. "ஆறு மாசம் டைம் கொடுங்க, விக்கலைன்னா மூடிடறோம்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்னைக்குக் கொண்டுவந்திருக்கேன்.

முதலில், எங்களுக்கு வெப்சைட் எதுக்கு? எங்க குழுவில் பாதிப் பேர் வீட்டில் தறி இருக்கு. எல்லாரும் கூலிக்கு நெய்யறவங்க. பட்டும் ஜரிகையும் கொடுக்கிறவர் சொல்றதுதான் கூலி. கோர்வைப் புடவை உங்களுக்குத் தெரியும். உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம், இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்யணும். மூணு நாடா ஓடணும். நெய்யறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ளணும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஆனா கூலி புடவைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்த கைக்குத் தனிக் கணக்கு யாரும் போடறதில்லை. அதனால வங்கிக் கடனில் நாங்களே நூல் வாங்கி, மாசத்துக்கு இரண்டு மூணு புடவை சொந்தமா நெய்து நேரா விக்கலாம்னு தீர்மானம் போட்டோம். அதுக்குத்தான் வெப்சைட்.

போட்டாச்சு. கூகுளில் "காஞ்சிபுரம் பட்டுப் புடவை"ன்னு தேடிப் பார்த்தோம். மேலே விளம்பரம். அதுக்குக் கீழே பெரிய பெரிய கடைகள். பத்துப் பக்கம் தள்ளியும் எங்க பேர் இல்லை. காந்தி ரோட்டில் வரிசையா பட்டுக் கடை இருக்கு. அங்கே ஒரு அம்மா கையில நாலு புடவையை வச்சுக்கிட்டு ஓரமா நின்னா யார் கண்ணில் படுவாங்க? அந்த மாதிரிதான் இருந்தோம்.

அப்போ எங்க உறுப்பினர் ஒருத்தரோட பொண்ணு, காலேஜில் கம்ப்யூட்டர் படிக்குது, அது சொல்லுச்சு. "பெரியம்மா, நீங்க கூகுளையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. மத்த தேடுபொறிகளில் பதிவு பண்ணீங்களா?" நான் கேட்டேன், "வேற கூட இருக்காம்மா?"

இருக்கு சகோதரிகளே. உலகத்தில் நூறு பேர் தேடினா கிட்டத்தட்ட தொண்ணூறு பேர் கூகுளில்தான் தேடறாங்க. நம்ம நாட்டில் அதுக்கும் மேலே. ஆனா மிச்சம் இருக்கிறவங்களும் மனுஷங்கதானே, அவங்களும் புடவை கட்டறவங்கதானே. மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2009-ல் பிங் என்கிற தேடுபொறியைக் கொண்டுவந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கூடவே வர்ற எட்ஜில் தேடினா, நாம மாத்தி வைக்காத வரைக்கும் பிங்தான் பதில் சொல்லும். ஆபீஸில் வேலை பார்க்கிற எத்தனையோ பெண்கள் அதைத்தான் திறக்கிறாங்க. டக்டக்கோன்னு ஒண்ணு, 2008-ல் வந்தது. நாம என்ன தேடினோம்னு குறிச்சு வச்சுக்காதுன்னு அதை விரும்பறவங்க உண்டு. ஜெர்மனியில் ஈகோசியா. விளம்பரத்தில் வர்ற லாபத்தில் மரம் நடறாங்க. 20 கோடி மரத்துக்கு மேலே ஆச்சுன்னு சொல்றாங்க. பிரான்சில் குவான்ட். கொரியாவில் நேவர். ஒவ்வொரு நாட்டிலும் இப்படி ஒண்ணு இரண்டு இருக்கு.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க ஊர்க் கோயில்தான் ஞாபகம் வந்தது. காஞ்சிபுரம் வர்ற கூட்டம் காமாட்சியம்மனைப் பார்க்கும், ஏகாம்பரநாதரைப் பார்க்கும், வரதரைப் பார்க்கும், பஸ் ஏறிடும். வேகவதி ஆத்தைத் தாண்டி எங்க ஊர் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு வர்றவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா அந்தக் கொஞ்சம் பேரும் வழி கேட்டு, தேடிக்கிட்டு வர்றவங்க. சங்கீத மண்டபத்துக் கூரையில் இருக்கிற தீர்த்தங்கரர் ஓவியத்தைக் கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துட்டுத்தான் போவாங்க. கூட்டம் வேற, தேடி வர்றவங்க வேற. எங்ககிட்ட இருக்கிறது மாசத்துக்கு மூணு புடவை. எங்களுக்குக் கூட்டம் எதுக்கு? தேடி வர்ற மூணு பேர் போதும்.

சரி, என்ன செய்தோம்? ஒவ்வொண்ணா சொல்றேன், மத்த குழுவுக்கும் உதவும்.

முதலாவது, பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ்னு ஒரு இடம் இருக்கு. அங்கே நம்ம தளத்தைப் பதிவு பண்ணணும். ஒரு பைசா செலவில்லை. கூகுளோட சர்ச் கன்சோலில் ஏற்கெனவே பதிஞ்சிருந்தா, அந்த விவரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துடலாம். சைட்மேப்னு சொல்ற பக்கப் பட்டியலையும் அதிலேயே கொடுக்கணும். இதில் ஒரு லாபம் இருக்கு. யாகூவும் டக்டக்கோவும் பெரும்பாலும் பிங்கிடமிருந்துதான் பதிலை வாங்கிக் காட்டுது. ஈகோசியாவும் பிங்கிடம் வாங்குது. ஒரு வாசலில் பேர் எழுதினா நாலு வாசலில் தெரியும்.

இரண்டாவது, எங்க தளத்தில் இருந்த பெரிய தப்பு. எழுத்தெல்லாம் படத்துக்குள்ளே இருந்தது. பார்க்க அழகு. ஆனா தேடுபொறி படிக்கிறது எழுத்தைத்தான். படத்துக்குள்ளே எழுதினதை அதை நம்பி விட முடியாது. எல்லாத்தையும் எழுத்தாவே மாத்தினோம். படங்களுக்கு வெறும் நம்பர்தான் பேரா இருந்தது. "அரக்கு உடம்பு, பச்சைக் கரை, கோர்வைப் பட்டு"ன்னு ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுதினோம்.

மூணாவது, "தரமானது, சிறந்தது"ங்கிற வார்த்தையை எல்லாம் எடுத்துட்டோம். அது எல்லாக் கடையிலும் இருக்கு. நமக்கு மட்டும் தெரிஞ்சதை எழுதினோம். கோர்வைன்னா என்ன, ஒரு புடவை நெய்ய எத்தனை நாள், பக்கத்தில் உட்கார்றவங்க வேலை என்ன, இந்தப் புடவையில் போட்டிருக்கிறது எந்த ஜரிகை, விலை ஏன் இவ்வளவு. தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினோம். "கையால் நெய்த கோர்வைப் புடவை"ன்னு குறிப்பா தேடறவங்களுக்குப் பதில் சொல்ற பக்கம் குறைவு. அந்த இடத்தில்தான் நம்ம பேர் மேலே வந்தது.

நாலாவது, போன் பண்றவங்க எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டோம். "எங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" பதிலை நோட்டில் எழுதி வச்சோம். உள்கடன் கணக்கு எழுதற மாதிரியே.

இப்போ அந்த நோட்டில் இருக்கிற கணக்கு. ஆறு மாசத்தில் வெப்சைட்டைப் பார்த்துப் போன் பண்ணினவங்க 11 பேர். வாங்கினவங்க 4 பேர். அதில் கூகுள் வழியா வந்தவர் ஒருத்தர். பிங் வழியா இரண்டு பேர். இரண்டு பேருமே சென்னையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடினவங்க. நாலாவது, ஜெர்மனியில் இருக்கிற ஒரு இலங்கைத் தமிழ்ச் சகோதரி. ஈகோசியாவில் தேடியிருக்காங்க. மகளோட சடங்குக்குப் புடவை வேணும்னு போனில் அரை மணி நேரம் பேசினாங்க. "இது சுத்த ஜரிகையா?"ன்னு கேட்டாங்க. "இல்லைங்க அக்கா, இதில் இருக்கிறது சாதா ஜரிகை, பட்டு மட்டும் சுத்தம், பக்கத்திலேயே எழுதியிருக்கோம்"னு சொன்னேன். "அதைப் படிச்சுட்டுத்தான் போன் எடுத்தேன், உண்மை சொல்றீங்களான்னு பார்த்தேன்"னு சிரிச்சாங்க.

அந்தப் புடவையை நெய்தவங்க எங்க குழுவில் வீட்டுக்காரரை இழந்த ஒரு அம்மா. இரண்டு மாசமா பீரோவில் இருந்த புடவை. கேட்டு வந்த ஒரு வியாபாரி நூல் விலைக்கும் கீழே கேட்டிருந்தார். கடன் தவணைக்குப் பயந்து கொடுத்துடலாம்னு இருந்தாங்க. அது 16,500 ரூபாய்க்குப் போச்சு. பணத்தை வாங்கினதும் அந்த அம்மா அதில் ஒரு பங்கைத் தனியா எடுத்துப் பக்கத்தில் நின்ன மருமக கையில் வச்சாங்க. "எனக்கு நாடா தள்ளின கை இது. இதுவரைக்கும் நான் இதுக்குக் கூலி கொடுத்ததே இல்லை"ன்னாங்க. அந்தப் பொண்ணு பணத்தை எண்ணவே இல்லை, அப்படியே நின்னுச்சு.

நாலு புடவைதான். பெருசா சொல்லிக்க ஒண்ணும் இல்லை. கூகுளை விட்டுடுங்கன்னும் நான் சொல்லலை. தளத்தை எட்டிப் பார்க்கிறவங்க இன்னும் அது வழியாத்தான் அதிகம் வர்றாங்க. அந்த வாசலும் திறந்தே இருக்கட்டும். அது ஒண்ணு மட்டும்தான் வாசல்னு நினைச்சு உட்கார்ந்துட வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை சொல்லி முடிச்சுக்கறேன். "முதல் பக்கத்தில் கொண்டுவந்து காட்டறோம், 15 ஆயிரம் கட்டுங்க"ன்னு போன் வரும். நம்பாதீங்க. முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அடுத்தது, வெப்சைட்டோட பேரை அதைச் செய்து கொடுக்கிறவர் தன் பேரில் பதிஞ்சுக்க விடாதீங்க. எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு; திரும்ப வாங்க மூணு மாசம் அலைஞ்சோம். பேரும் பாஸ்வேர்டும் குழுவோட சொத்து. தீர்மானம் போட்டு, பாஸ் புத்தகம் மாதிரி பத்திரமா வச்சுக்குங்க.

வாங்கின 18 ஆயிரத்தில் 12 ஆயிரம் வட்டியோட கட்டியாச்சு. மிச்சம் பொங்கலுக்குள்ளே கட்டிடுவோம். வெப்சைட்டை மூட வேண்டாம்னு கேட்டுக்கறேன். எங்க குழு மட்டும் இல்லை, அப்பளம் போடறவங்க, பை தைக்கிறவங்க, மசாலா பொடி அரைக்கிறவங்க எல்லாருக்கும் அதில் ஒரு பக்கம் கொடுக்கலாம். பதிவு பண்ணத் தெரியாதவங்க மாசத்தில் இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் கூட்டமைப்பு ஆபீஸுக்கு வாங்க. அந்தக் காலேஜ் பொண்ணும் நானும் அங்கே இருப்போம்.

போன வருஷம் எழுந்து கேட்ட அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. நீங்க கேட்கலைன்னா நாங்க தேடியிருக்கவே மாட்டோம் அக்கா. இந்த வருஷமும் கேளுங்க.