துண்டு யார் கையில் இருக்கிறது?

(ஹட்டனில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணனி அறையைப் பூட்டிவிட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் கணனிகளுக்கு என்ன கேடு வந்தது? திரை தெரிகிறது, விசைப்பலகை தட்டுப்படுகிறது, ஒன்றும் பழுதில்லை. ஆனால் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. வின்டோஸ் 11 போடலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது. பழைய கணனிக்கு எங்கே போவது? உடனே “பாவனைக்கு உதவாதவை” என்று எழுதி ஒட்டிவிட்டு, புதிது வாங்கப் பெற்றோரிடம் காசு கேட்கிறார்கள்.

யாரிடம் கேட்கிறார்கள்? 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வர வைப்பதற்கே வருடக் கணக்காகத் தெருவில் நின்றவர்களிடம்! கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம், விழுகிறவர்களிடம்!

இன்னும் ஒரு வருடம் திருத்தம் வேண்டுமானால் வீட்டுப் பாவனையாளர் 30 டொலர் கட்டலாம் என்று மைக்ரோசொஃப்ட்காரர்கள் சொன்னார்கள். ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய். ஒரு கிழமை முழுக்கக் கொழுந்து பறித்தாலும் சரியாய்ப் போய்விடும். காசு இல்லையென்றால் எங்கள் கணக்குக்குள் வந்து உன் கணனியின் விவரத்தைப் பதிந்துவை என்றார்கள். இந்தப் பேச்சை நம் தாத்தாமார் கேட்டிருக்கிறார்கள்!

துண்டு என்றால் என்னவென்று இங்கே இருக்கிற மூத்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைத்தால், இந்த ஆட்கள் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டுதான் துண்டு. புதுத் தோட்டம் கடனைக் கட்டும், அந்தக் கடன் அப்படியே நம் ஆள் தலையில் மறுபடி ஏறும். உழைக்கிற கை நம்முடையது, துண்டு மட்டும் அடுத்தவன் பெட்டிக்குள். அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து நம் பிள்ளையின் கணனிக்குள் அதே துண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. கணனிக்குக் காசு கொடுத்தது நாம், மேசை செய்து போட்டது நாம். எப்போது தூக்கி எறிவதென்று தீர்மானிக்கிறவன் எங்கேயோ இருக்கிறான். அதனால்தான் கேட்கிறேன்: துண்டு யார் கையில்?

இதற்கு மறுமொழி சொல்ல மூன்று வகை அறிவாளிகள் வருகிறார்கள். முதலாமவர், “எதற்கு வீண் கத்தல், டவுனில் ஐநூறு ரூபாய்க்குத் திருட்டு வின்டோஸ் போட்டுத் தருகிறானே” என்பார். ஐயா, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அது குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், துண்டைத் திருடினாலும் அது அவனுடைய துண்டாகவே இருப்பதுதான்! உள்ளே திறந்து பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. இரண்டாமவர், “வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் படித்தால் வேலை கிடைக்காது” என்பார். அவருடைய சட்டைப் பையில் கிடக்கிற அண்ட்ரொய்ட் போனே லினக்ஸ் கருவின் மேல்தான் ஓடுகிறது. உலகத்தின் முதல் 500 மீக்கணனிகளும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. தன் பைக்குள் இருப்பது தெரியாதவர் நம் பிள்ளைக்கு வேலை தேடித் தரப் போகிறாராம்!

மூன்றாமவர்தான் ஆபத்தானவர். “ஓடினால் போதும், கொள்கை எதற்கு, உரிமம் எல்லாம் வக்கீல் வேலை” என்பார். உரிமம் வக்கீல் வேலையா? உரிமம்தானே துண்டு!

துண்டை நம் கையிலேயே தருகிற உரிமமும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற அமெரிக்கர் 1983இல் சுதந்திர மென்பொருளுக்கான குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் குனூ பொது உரிமம் வந்தது. அது சொல்வது இதுதான்: எந்த வேலைக்கும் ஓட்டு, உள்ளே திறந்து படித்துத் திருத்து, பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடு, திருத்தியதையும் கொடு. இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே கட்டளை: உனக்குக் கிடைத்த உரிமையை நீ கொடுக்கிறவனுக்கும் கொடு, இடையில் பூட்டாதே. லின்க்சிஸ் என்ற ரவுட்டருக்குள், இந்த உரிமத்தின் கீழ் உள்ள லினக்ஸைப் போட்டு விற்றவர்கள், இந்த ஒரு கட்டளையால் 2003இல் நிரலை வெளியே வைக்க வேண்டி வந்தது. அதிலிருந்து ரவுட்டர்களுக்கான ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற மென்பொருள் பிறந்தது. கட்டளை இல்லாதிருந்தால் அந்த நிரல் பெட்டிக்குள்ளேயே செத்திருக்கும்.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை” என்று பின்னால் ஒரு தம்பி சொல்கிறான். நம் நாட்டுக் கதை கேள் தம்பி! 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனோடு சேர்ந்த தன்னார்வலர்கள் இராப்பகலாக ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனவர் யார், எந்த முகாமில் யார், எங்கே என்ன நிவாரணம் என்று கணக்கு வைக்கிற மென்பொருள். சுதந்திர மென்பொருளாக விட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குப் போயிற்று. 2006இல் பிலிப்பைன்ஸின் லெய்ட்டேயில் மலை சரிந்தபோது அங்கேயும் போயிற்று. யாரிடமும் துண்டு கேட்க வேண்டியிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்குத் தந்தது. மண்சரிவு என்றால் என்னவென்று டித்வா புயலைக் கண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மண்ணுக்குள் ஆள் கிடக்கும்போது உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு இருக்க முடியுமா?

தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய நடேசய்யரை நினைத்துப் பாருங்கள். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம். துணி வியாபாரியாக மூட்டை தூக்கிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தார். பிறகு சங்கம் கட்டினார், பத்திரிகை அடித்தார், துண்டுப் பிரசுரம் போட்டார். தோட்டத்துக்குள் சாமான் வரலாம், அறிவு வரக்கூடாது என்பதுதான் அன்றைய துரையின் சட்டம். இன்றைய உரிமப் பத்திரமும் அதைத்தானே சொல்கிறது? பாவித்துக்கொள், ஆனால் உள்ளே படிக்காதே. வைத்துக்கொள், ஆனால் பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுக்காதே!

நம் தலைவர்மார் சிலருக்கு இந்தப் பூட்டு புரியவில்லை. அவர்களது அறிக்கை இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வருகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. தேர்தல் முடிந்த பிறகு அவர்களது வாக்குறுதியும் அப்படித்தான் தெரியும்!

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் 2019இல் உபுண்டு என்ற லினக்ஸை அடியாக வைத்து, பாடசாலைகளின் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணனிகளுக்குத் தானே இயங்குதளம் செய்து கொடுத்தது. 3,000 கோடி இந்திய ரூபாய் மிச்சம் என்று கணக்கும் சொன்னது. மூணாறுத் தேயிலை மலையும் அந்தக் கேரளத்தில்தான் இருக்கிறது. அங்கே முடிந்தது நுவரெலியாவில் ஏன் முடியாது? எங்கள் பிள்ளைகளுக்கு மூளை குறைவா? எங்கள் ஆசிரியருக்குக் கை இல்லையா? என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் எங்களைப் பற்றி!

பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கணனிகளில் லினக்ஸும் லிப்ரே ஒஃபிஸும் போட இந்த மண்டபத்திலேயே இளைஞர்கள் இருக்கிறார்கள், ஒரு சதம் வாங்க மாட்டார்கள். புதுக் கணனி வாங்கத்தான் வேண்டும் என்று எவராவது கடதாசி நீட்டினால், அம்மாமாரே, ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் வருகிற மென்பொருளைத் திறக்கவும், திருத்தவும், அடுத்த தோட்டத்துப் பாடசாலைக்குக் கொடுக்கவும் எங்களுக்கு உரிமை உண்டா? இல்லை என்று பதில் வந்தால் கையெழுத்தும் போடாதீர்கள், காசும் கொடுக்காதீர்கள்!