குரூப்பில் போட்டால் போதுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்காளர் ஆற்றிய உரை)



தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எழுத எனக்குப் பயமே கிடையாது. பயம் வந்தது போன் வந்த பிறகுதாங்க. ஒன்றிய குரூப், வங்கி குரூப், பயிற்சி குரூப், ஊர் குரூப்னு ஆறு குரூப். காலையில திறந்தா பூப்படமும் வணக்கமும். அதுக்கு நடுவுல ஒரு முக்கியமான சுற்றறிக்கை கிடக்கும்.

மறைக்காம ஒண்ணு சொல்றேன். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருஷம் 436 ரூபாய். மே மாதக் கடைசியில வங்கிக் கணக்குல இருந்து தானா பிடிப்பாங்க. "கணக்குல பணம் வையுங்க"ன்னு குரூப்ல போட்டேன். அதோட என் வேலை முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். எங்க குழு அக்கா ஒருத்தங்க அதைப் பார்க்கலை. கணக்குல 100 ரூபாய்தான் இருந்திருக்கு. ஆகஸ்ட்டுல அவங்க தவறிட்டாங்க. பிள்ளைங்களுக்கு வர வேண்டிய 2 லட்சம் வரலை. காப்பீடு நின்னுபோன விஷயம் எனக்கே அப்பத்தான் தெரியும். சேமிப்பு ஒரு நோட்டுல, காப்பீடு வேற நோட்டுல, போன் நம்பர் இன்னொண்ணுல. ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணு தெரியாது.

அதுக்கப்புறம் என் மகளை உட்கார வச்சு கூகுள் ஷீட்ல பட்டியல் போட்டோம். உறுப்பினருக்கு ஒரு எண். சேமிப்பு, கடன், காப்பீடு மூணு தாளும் அந்த எண்ணால இணைஞ்சிருக்கு. போன் நம்பர் மாறினா உறுப்பினர் தாள்ல ஒரு தடவை மாத்தினாப் போதும். மத்ததுலயும் தானே மாறிடும். காப்பீட்டுப் பணம் போகாதவங்க பேர் சிவப்பாத் தெரியும். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மட்டும் அதுல ஏத்தலை. அறிவிப்புக்குன்னு தனி குரூப் வச்சோம். அதுல அட்மின் மட்டும்தான் போட முடியும். வாரத்துக்கு ஒரே செய்தி.

சிவப்பா இருக்கிற பேரைக் கூட்டத்துல வாசிக்கிறோம். வராதவங்க வீட்டுக்கு ஒருத்தர் போறோம். யார் வீட்டுக்குப் போகணும்னு ஷீட் சொல்லும். போக வேண்டியது நாமதான்.

போன மே 20-ஆம் தேதி பட்டியல்ல 11 பேர் சிவப்பு. 31-ஆம் தேதி ஒருத்தரும் இல்லை.

தவறிப்போன அக்காவோட மூத்த பொண்ணு இப்ப எங்க குழு உறுப்பினர். ஷீட்டைத் திறந்தா அவ பேரைத்தான் முதல்ல பார்க்கிறேன்.

உங்க ஊர்லயும் இதைச் செய்யணும்னா கூப்பிடுங்க, வந்து சொல்லித் தர்றேன்.