மறுபடியும் வண்டி ஓட்டலாமா?

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)

எல்லாரும் எழுந்து நின்று பேசினார்கள். நான் உட்கார்ந்தபடி பேசுகிறேன். அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்படிதான் என்னிடம் சொன்னார்கள். ஆனால் சென்ற மாதம் பள்ளி வாசலில் ஒரு தகப்பனார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பேர் சொல்ல மாட்டேன். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும்போது விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். "டீச்சர், நீங்க ஓட்டுறீங்களே, எனக்கும் பழைய லைசன்ஸ் இருக்கு. ஆட்டோ கியர் கார்தான். வலது கால் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான். ஓட்டலாம்ல?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருடைய கார் பின்னால் நின்றது. அதில் நம் பள்ளிப் பிள்ளைகள் இருவர், அவருடைய சொந்தப் பிள்ளைகள்தான், உட்கார்ந்திருந்தார்கள். அவர் கேட்டது அனுமதி அல்ல, ஆறுதல். அன்று என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை, மணி அடித்துவிட்டது. ஆகவே வாசிப்புப் பழக்கம் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

என் கதை உங்களுக்குத் தெரியும். மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது எலும்புக்குப் பக்கத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. அதற்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் ஒருவர், "இனிமே வீட்டுலயே டியூஷன் எடுக்கலாமேம்மா" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நம் பள்ளி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துச் சனங்கள் எல்லாம் சுங்கை சிப்புட், ஈப்போ தாமான்களுக்குக் குடிபோன பிறகும் பள்ளிக்கூடம் மட்டும் தோட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. இங்கே பஸ் வராது. வண்டி இல்லாத ஆசிரியை இங்கே ஆசிரியையாக இருக்க முடியாது.

இரண்டு வருடம் என் அப்பாதான் கொண்டு வந்து விட்டார். ஒரு காலத்தில் இதே பக்கத்துத் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்தவரும் அவரே. விடியற்காலையில் என்னைத் தூக்கி வைத்து, நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டு, இங்கே வந்து இறக்கி, மத்தியானம் மறுபடி வருவார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒருநாள் என்னைத் தூக்கும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். துடைப்பக் கட்டையை வெட்டி பிரேக்கை அழுத்தலாம் என்றார் ஒருவர். ஒரு பட்டறைக்காரர் இரும்புக் கம்பியை வளைத்து ஒரு மணி நேரத்தில் மாட்டித் தருவதாகச் சொன்னார். எல்லாரும் முடிவில் சொன்னது ஒன்றே: "பழைய லைசன்ஸ்தான் இருக்கே, யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்குத் தெரியும் என்று நானும் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். முதலில், சட்டத்துக்குத் தெரியும். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் உடற்குறையை மறைத்து லைசன்ஸ் வைத்திருக்கக் கூடாது. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரன் முதலில் அதைத்தான் தோண்டுவான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நம் காலுக்கே தெரியாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கட்டைவிரலை நினைத்துப் பாருங்கள். அது மேலே வளைந்திருக்கிறதா, கீழேயா? பார்க்காமலே சொல்வீர்கள். அந்தச் செய்தி காலிலிருந்து தண்டுவடம் வழியாக மூளைக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்டுவடத்தில் பாதி அடிபட்டவர்களுக்குப் பலம் திரும்பி வரலாம், நடக்கவும் செய்யலாம். ஆனால் இந்தச் செய்தி மட்டும் வராமல் போகலாம். நடக்கும்போது கண்ணால் காலைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார்கள். காரில் காலைப் பார்க்க முடியுமா? பிரேக்கில் இருப்பதாக நினைத்த கால் வழுக்கி எண்ணெய்ப் பெடல் மேல் போய் நிற்கும். அவருக்கே தெரியாது. என்னைப் போல ஒன்றுமே அசையாதவர்கள் காலை நம்ப மாட்டோம். பாதி வருகிறவர்கள்தான் நம்பி ஏமாறுவார்கள். ஆகவே என்னைவிட அந்தத் தகப்பனாருக்குத்தான் பரிசோதனை அவசியம்.

அந்தப் பரிசோதனையில் என்ன செய்கிறார்கள்? மறுவாழ்வு மருத்துவர் முதலில் பார்ப்பார். பிறகு ஓக்குபேஷனல் தெரப்பிஸ்ட் என்பவர், அதாவது உடம்பில் மிஞ்சியிருப்பதை வைத்து அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர், கண் பார்வை, கழுத்துத் திருப்பம், கைப்பலம், சிவப்பு விளக்கைக் கண்டதிலிருந்து கை அசைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையெல்லாம் பார்ப்பார். கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலைப் பிடித்து மேலா கீழா என்று கேட்பதும் இதில் உண்டு. நாற்காலியிலிருந்து கார் இருக்கைக்குப் பலகை போட்டு நாமே நகர்ந்து போக முடிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

நான் முதல் தடவை ஃபெயில்.

ஆமாம் பிள்ளைகளே, டீச்சர் ஃபெயில். கைகள் பிரமாதம், கண் பிரமாதம். ஆனால் இரண்டு கையையும் தூக்கி உட்காரச் சொல்லிப் பக்கத்திலிருந்து லேசாகத் தள்ளினார்கள். வெட்டிய வாழை மாதிரி சாய்ந்துவிட்டேன். வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் வேலை செய்யாதவர் வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவாராம். அப்படித் தொங்கினால் கார் எங்கே போகும்? இன்னொன்று, கால் துடிப்புக்காக நான் சாப்பிட்ட மாத்திரை தூக்கம் வரவழைக்கக் கூடியது. காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். மூன்று மாதம் கழித்து, பயிற்சி செய்து, மாத்திரை நேரத்தை டாக்டர் மாற்றித் தந்த பிறகு மறுபடி போனேன். இருக்கையில் பக்கவாட்டு அணையும் நெஞ்சுக்கு ஒரு பட்டையும் வேண்டும் என்று எழுதித் தந்தார்கள்.

கூச்சப்படாமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. நெஞ்சின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி வழியில்லாமல் போனால் இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும், முகம் வியர்த்துக் கொட்டும். உயிருக்கே ஆபத்து. உடனே ஓரங்கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமான பட்டையைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்ற வேண்டும். புறப்படும் முன் கழிவறை போவது எங்களுக்கு எண்ணெய் ஊற்றுவது மாதிரி. அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால் உடம்பு சூடேறும். காரில் ஏர்கோன் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. வெயிலில் நின்ற காரின் பெல்ட் கொக்கி தொடையில் பட்டால் தோல் வெந்துபோகும், நமக்குத் தெரியாது. அதற்கு ஒரு துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது அந்தக் கைப்பிடி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல், அதன் கம்பிகள் இரண்டு பெடல்களுக்கும் போகும். என் பக்கம் இழுத்தால் எண்ணெய், முன்னால் தள்ளினால் பிரேக். ஏன் இப்படி, மாற்றி வைத்தால் என்ன என்று கேட்டேன். ஆபத்தில் உடம்பு முன்னால் வீசப்படும், அப்போது கையும் தானாகத் தள்ளும், அது பிரேக்காகத்தான் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! வலது கையில் ஸ்டியரிங் குமிழ். துடிக்கும் கால் பெடலில் படாதபடி ஒரு தகடு. அப்பா இதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காலை வேலையைக் கையில குடுத்துட்டாங்க, சரி, கை வேலையை யாரு பாப்பா?" என்றார். ஒரு வாரம் திடலில் பழகிய பிறகுதான் சமாதானமானார்.

சாலைப் போக்குவரத்து இலாகாவில் எங்களைப் போன்றவர்களுக்குத் தனி வகுப்பு லைசன்ஸ் உண்டு. மூன்று சக்கர மோட்டாருக்கு ஏ, காருக்கு ஏ1. மருத்துவ அறிக்கையும், சமூக நல இலாகா கொடுக்கும் ஓ.கே.யூ. அட்டையும் வேண்டும். மாற்றியமைத்த காருக்கு அனுமதியும் பரிசோதனையும் வேண்டும். பட்டறைக்காரரின் வளைந்த கம்பி அங்கே செல்லாது. ஒரு கவுண்டரில் இன்னொரு கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள், அங்கே மறுபடி முதல் கவுண்டருக்கு அனுப்பினார்கள். அதையெல்லாம் எழுதினால் மலர் போதாது. மேட்டில் நிறுத்தி எடுப்பது, ஓரமாக நிறுத்துவது, ரோட்டில் ஓட்டுவது எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளது போலத்தான், சலுகை இல்லை. பாஸ். உள்நாட்டுக் காருக்குச் சாலை வரி விலக்கு உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-இல் வேலூரில் அதற்கென்றே நோயாளிகள் தங்கிப் பயிலும் நிலையத்தை உண்டாக்கினார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தாதி ஒருவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். இப்போது அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் 2014 முதல் இருக்கிறது. நம் ஈப்போவுக்குப் பக்கத்திலேயே மேரு ராயாவிலும் ஒன்று எழுப்பியிருக்கிறார்கள்.

இங்கே அந்தத் தகப்பனாரிடம் நேராகவே பேசுகிறேன். ஐயா, நான் அரசாங்க ஆசிரியை, சொக்சோவில் இல்லை. காருக்கான செலவு ஆயிரக்கணக்கில், முழுதும் என் கையிலிருந்தும் அப்பாவின் சேமிப்பிலிருந்தும் போனது. நீங்கள் வேலை நேரத்தில் விழுந்தவர். மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் சொக்சோவுக்குப் பிடித்தார்களே, அது இதற்குத்தான். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் அது உண்டு என்பதை மற்றப் பெற்றோர்களும் குறித்துக்கொள்ளுங்கள். அடிபட்டவரை மறுபடி வேலைக்குத் திருப்பும் திட்டத்தையும் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. சம்பளச் சீட்டையும் மருத்துவ அறிக்கையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பாரத்தை நான் நிரப்பித் தருகிறேன். ஓட்டலாமா என்று கேட்டீர்கள். ஓட்டலாம் என்றோ கூடாது என்றோ சொல்ல நான் யார்? உங்கள் கட்டைவிரலைப் பிடித்துப் பார்க்கிறவர் சொல்லட்டும். அதுவரை பிள்ளைகள் இருவரையும் காலையில் நான் ஏற்றிக்கொள்கிறேன். உங்கள் தாமான் என் வழியில்தான் இருக்கிறது.

நான் தனியாக ஓட்டி வந்த முதல் நாளைப் பற்றி மாணவர்கள் கேட்டார்கள். தோட்டத்து முனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். தூரத்தில் அப்பா, பழைய மோட்டாரில், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்தார் போலும். பள்ளி கேட்டுக்குள் நான் நுழைந்ததும் திரும்பிப் போய்விட்டார். இன்றுவரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த மலரைப் படித்தால்தான் தெரியும்.

தேநீருக்குப் பிறகு காரைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாமரத்தடிக்கு வரலாம். கைப்பிடியைத் தள்ளிப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம், எஞ்சினை அணைத்துத்தான் வைத்திருப்பேன். ஆனால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் யாரும் ஹார்ன் அடிக்கக் கூடாது.